எழுபதடிக்குக் கீழே

செய்தித்தாள் வந்ததும் அப்பா முதல் பக்கத்தைப் பார்க்க மாட்டார். உள்ளே எங்கோ ஒரு மூலையில், விரற்கடை அகலத்தில் வரும் மேட்டூர் அணை நிலவரத்தைத் தேடிப் போவார். நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் என்று மூன்று எண்கள். கண் மங்கிய பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. "எத்தனை அடிடா?" என்பார். சொல்வேன். அந்த ஒற்றை எண்ணிலிருந்து அந்த வருஷத்து விதைப்பு, வாங்கிய கடன், தங்கையின் கல்யாணத் தேதி எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக்கொள்வார். நூறைத் தாண்டியிருந்தால் பேச்சில் ஒரு தெம்பு வரும். அறுபதுக்குக் கீழ் என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயல் பக்கம் போய்விடுவார். அணை நிறைந்தால் 120 அடி. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்த பெரிய எண் அதுதான்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, புதாற்றுப் பாசனத்தின் கடைமடை. அரசாங்கக் காகிதத்தில் அந்த ஆற்றுக்குக் கல்லணைக் கால்வாய் என்று பெயர். மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டியது. இத்தனை வருஷம் ஆகியும் எங்களுக்கு அது 'புது' ஆறுதான். அதற்கு முன் எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. தாத்தா சிறு பையனாக இருந்தபோது வரகும் கேழ்வரகும் விளைந்த மேட்டில்தான் பிற்பாடு நாற்று நட்டார்கள். அந்தத் திட்டத்தால் ஏறத்தாழ 3 லட்சம் ஏக்கர் புதிதாகப் பாசனத்துக்கு வந்தது. எங்கள் மூன்று மாவும் அதில் அடக்கம்.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. சம்பா கதிர் கட்டாமலே கருகியது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் அணை முப்பதடிக்கும் கீழே இறங்கியது. பத்திரிகையில் ஒரு படம் வந்திருந்தது. பாளம் பாளமாக வெடித்த சேற்றின் நடுவே ஒரு பெரிய நந்தி. அணை வற்றியதால் வெளியே தெரிகிறது என்று கீழே எழுதியிருந்தார்கள். இதே படத்தை இதற்கு முன்னும் பல வறட்சிகளில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதை எங்கள் துயரத்தின் படமாகவே பார்த்தேன். அணைக்குள் நந்தி எப்படி வந்தது, அது யாருடைய கோயில், அந்தக் கோயிலைச் சுற்றி இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று நாற்பது வயது வரை ஒருநாளும் கேட்டதில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் நான். கேட்காமல் இருந்தது சிறிய விஷயமில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மேட்டூரில் இறங்கி, கொளத்தூர் போய், அங்கிருந்து பண்ணவாடிக்குப் பேருந்து பிடித்தேன். பண்ணவாடி ஒரு பரிசல்துறை. நீர் நிறைந்திருக்கும் காலத்தில் இங்கிருந்து எதிர்க்கரை நாகமரைக்கு விசைப்படகு போகும். இந்தக் கரை சேலம் மாவட்டம், அந்தக் கரை தர்மபுரி மாவட்டம். நான் போனபோது துறை இருந்தது, தண்ணீர் இல்லை. கரையிலேயே படகுகளும் கவிழ்த்துப் போட்ட பரிசல்களும் காய்ந்துகொண்டிருந்தன. தூரத்தில் கீழே ஒரு மெல்லிய கோடாகக் காவிரி. அணை கட்டுவதற்கு முன் அது ஓடிய பழைய தடத்துக்கே திரும்பிப் போயிருந்தது.

இறங்கி நடந்தேன். மேலே நின்று பார்க்கும்போது சமதரை போலத் தெரிந்தது கிட்டப் போனால் சரிவு. சேறு ஆறு மூலைத் துண்டுகளாக வெடித்து, ஓரங்கள் சுருண்டு, மிதித்தால் அப்பளம் போல நொறுங்கியது. எங்கும் நத்தை ஓடுகள். அறுந்த வலைத் துண்டு, அதில் கட்டிய தக்கை. ஒரு பனையின் அடி மட்டும் கரிக்கட்டை போல நின்றது. அதைத் தாண்டி மண்டபம். அதன் எதிரே நந்தி.

படத்தில் பார்த்ததைவிடப் பெரியது. காரைப்பூச்சு அங்கங்கே பெயர்ந்து, நீர் ஏறி இறங்கிய மட்டங்கள் உடம்பில் கோடு கோடாகப் படிந்திருந்தன. யாரோ நெற்றியில் குங்குமம் வைத்து, கழுத்தில் மாலை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மாலை அன்றைய மாலை, பூ வாடியிருக்கவில்லை. ஜலகண்டேஸ்வரர் கோயில் என்கிறார்கள். கருவறைக்குள் வண்டல் நிரம்பியிருந்தது, சாமி இல்லை. ஊர் கிளம்பும்போது சாமியையும் எடுத்துக்கொண்டு போனார்களாம். இன்னொரு பக்கம் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம். இரண்டுக்கும் நடுவே நாயம்பாடி என்ற ஊர் இருந்தது.

மனிதர் கைவிட்ட ஊர்களை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். எங்கள் மாவட்டத்திலேயே, குடிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்க் கடைசியில் கோயில் மட்டும் மிஞ்சிய ஊர்கள் உண்டு. அங்கே முதலில் கூரை விழும். பிறகு சுவரில் அரசங்கன்று முளைக்கும். சீமைக்கருவேல் வாசல் வரை வந்து, ஒருநாள் வாசலைத் தாண்டும். வருவாய்த்துறையில் இப்படிப்பட்ட ஊரைப் 'பேச்சிராக் கிராமம்' என்று எழுதுவார்கள். பாரசீகத்திலிருந்து வந்த சொல். விளக்கில்லாதது என்று பொருள். விளக்கேற்ற ஆளில்லாத ஊர். கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் இத்தனை ஈரமான ஒரு சொல் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பு.

நாயம்பாடியின் பாழ் அந்த வகையில்லை. இங்கே கொடி இல்லை, வேர் இல்லை, வௌவால் இல்லை. ஊர் மெல்ல மெல்லத் தேயவும் இல்லை. நல்லபடியாக இருந்த ஊர் ஒன்றின் விளக்கை அணைக்கத் தேதி குறித்தார்கள். 1924 பிப்ரவரியில் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் காவிரி ஒப்பந்தம் செய்துகொண்டன. அதே ஆண்டு ஜூலையில் காவிரியில் பெருவெள்ளம். மறுவருஷம், 1925இல், அணை வேலை தொடங்கியது. பொறியாளர் எல்லிஸ். செலவு 4 கோடியே 80 லட்சம் ரூபாய். 1934 ஆகஸ்ட் 21 அன்று பாசனத்துக்குத் திறந்தபோது, ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். அணைச்சுவரின் உயரம் 214 அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நிறைந்தால் ஏறத்தாழ 59 சதுர மைலுக்குத் தண்ணீர் பரந்து நிற்கும். இந்த எண்களில் பாதி, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். 59 சதுர மைலில் என்ன இருந்தது என்பது மட்டும் எங்கள் பாடத்தில் இல்லை.

வேலை தொடங்கி முடிய ஒன்பது ஆண்டுகள். அந்த ஒன்பது ஆண்டுகளை நினைத்தபடி நந்தியின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளம் வந்தால் ஓட வேண்டும். நினைக்க நேரம் இருக்காது. இங்கே நினைப்பதற்கு மட்டும் ஒன்பது ஆண்டுகள் கிடைத்திருக்கின்றன. அந்த இடைக்காலத்தில் ஒருவர் கூரை மாற்றியிருப்பாரா? தென்னம்பிள்ளை வைத்திருப்பாரா? பெண் எடுக்க வந்தவர்களிடம் எந்த ஊரைச் சொல்லியிருப்பார்கள்? அந்த ஆண்டுகளில் இங்கே பிறந்த குழந்தைகளும் உண்டுதானே. தண்ணீருக்குள் போகப்போகிறது என்று தெரிந்த ஊரில், தொட்டில் கட்ட உத்தரம் தேடியிருப்பார்கள்.

அப்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார். எழுபது வயதிருக்கும். ஆடுகளைச் சேற்றுப்பரப்பில் முளைத்திருந்த பச்சையில் விட்டுவிட்டு, நந்திக்குப் பக்கத்தில் துண்டை விரித்தார். தண்ணீர் இருக்கும்போது மீன்பிடி, இல்லாதபோது ஆடு.

"எந்த ஊருங்க தம்பி?"

பட்டுக்கோட்டைப் பக்கம் என்றேன்.

"அட, அத்தனை தொலவா?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "அங்க பயிரு எப்படிங்க இருக்குது?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கருகிப்போச்சுங்க ஐயா என்று சொன்னேன். தன் வயல் கருகியதைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் இடையில் வெறும் சேறாகக் கிடந்த ஓர் இடத்தைக் கைகாட்டினார். "எங்கப்பன் பொறந்த ஊடு அங்கதானுங்க. இந்த ஊரு காலியானப்ப அவருக்கு ஒம்போது பத்து வயசு. எங்க ஊரு இது."

அவர் பிறந்ததோ அணை நிறைந்து பல ஆண்டுகள் கழித்து. அந்த ஊரில் ஒருநாளும் அவர் தூங்கி எழுந்ததில்லை. ஆனாலும் 'எங்க ஊரு' என்பதில் ஒரு தயக்கமும் இல்லை. கிணறு எங்கே, மந்தை எங்கே, வண்டிப்பாதை எந்தப் பக்கம் ஏறிப் போனது என்று விரலை நீட்டி நீட்டிச் சொன்னார். அவர் விரல் போன இடங்களில் எனக்குச் சேறுதான் தெரிந்தது. தண்ணீர் வற்றிய ஒவ்வொரு முறையும் அப்பன் மகனைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறார். தண்ணீருக்கு மேல் பரிசலில் போகும்போதும், இப்போது நம் தெருவுக்கு மேல் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்.

மண்டபத்துக்குப் பின்னால் ஓர் உரல் கிடந்தது. பாதி புதைந்த ஆட்டுக்கல் ஒன்று. வாசற்படிக் கல் போல ஒன்று. வேறெதுவும் இல்லை. சாமிக்குக் கட்டியதும், அரைக்கவும் இடிக்கவும் கொத்தியதும்தான் நிலைத்திருக்கின்றன. மண்சுவர் முதல் வருஷமே கரைந்திருக்கும். கூரையையும் கதவையும் உத்தரத்தையும் போகும்போதே கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். இங்கே வருகிறவர்கள் கோயிலையும் கோபுரத்தையும் படமெடுத்துக்கொண்டு ஊரைப் பார்த்துவிட்டதாகத் திரும்புகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். கல்லில் கட்ட வசதியில்லாதவர்கள்தான் அந்த ஊரில் மிகுதியாக இருந்திருப்பார்கள். அவர்கள் இருந்ததற்கு இந்த இடிபாட்டில் சாட்சி இல்லை. பெரியவரின் விரல் நுனி ஒன்றுதான் சாட்சி.

காகிதத்திலும் அப்படியே. நிலத்தை எடுக்க அன்று நடப்பில் இருந்தது 1894ஆம் ஆண்டுச் சட்டம். நிலத்தின் சந்தை விலை, அதற்கு மேல், விருப்பமில்லாமல் எடுப்பதற்காக நூற்றுக்குப் பதினைந்து. விருப்பமின்மைக்குச் சட்டம் போட்ட விலை அது. பட்டா வைத்திருந்தவருக்காவது அது கிடைத்தது. அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர், பொதுக்கிணற்றை நம்பி வண்ணான்தொழில் செய்தவர், ஏரிமண்ணை நம்பிச் சட்டி வனைந்தவர் ஆகியோர் இழந்ததற்குச் சந்தை விலை இல்லை. எடுத்த இடத்துக்கு ஈடாகக் குடியமர்த்துவதும் அரசின் கடமை என்று நாடு முழுவதற்குமான சட்டம் வர 2013 வரை ஆனது. அதற்குள் நாயம்பாடி மூழ்கி எண்பது ஆண்டுகள் நெருங்கிவிட்டிருந்தன.

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களின் நிலத்தை அளந்து எழுதும்போது, வரி கேட்கக் கூடாதவற்றை முதலில் கழித்துவிடுவார்கள். ஊர்நத்தம், கோயில், குளம், குறுக்கே ஓடும் வாய்க்கால், கம்மாளர் சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று அந்தப் பட்டியல் நீளும். அந்தக் காலம் நியாயமான காலம் என்று சொல்ல வரவில்லை; சேரியைத் தனியே எழுதிய காலம் அது. ஆனால் விளைச்சல் தராத இடங்களும் சேர்ந்ததுதான் ஊர் என்பது அந்தக் கணக்கனுக்குத் தெரிந்திருந்தது. ஏக்கருக்கு இத்தனை ரூபாய் என்று போட்ட கணக்கில் மந்தையின் நிழலும், செத்தவர்களைப் புதைத்த மேடும், இரண்டு தலைமுறை நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதையும் எந்தக் கட்டத்துக்குள் போயிருக்கும்?

வெயில் இறங்கத் தொடங்கியபோது பெரியவரிடம் கேட்டேன், ஊர் வெளியே தெரிந்தால் சந்தோஷமா என்று. கேட்ட பிறகு கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"எப்படிங்க சந்தோசப்படறது? தண்ணி இல்லீன்னா மீனு இல்லீங்க. எங்க மேட்டுக்காடு கிணத்துத் தண்ணிய நம்பித்தான் கெடக்குது, இந்தத் தண்ணி மேல ஏறி வாறதில்லீங்க. எங்களுக்கும் அடிக் கணக்குத்தான் தம்பி. எம்பதுக்கு வந்தா மாதா கோயில் கோபுரம் தலையக் காட்டும். எழுபதுக்குப் பக்கம் வந்தா நந்தி. நந்தி தெரிஞ்சா வந்து ஒரு பூ வெச்சுட்டுப் போவோம். மறுக்கா மழ பேஞ்சு இவரு உள்ள போகணும்னு கும்புட்டுட்டுத்தான் போவோம்."

தங்கள் ஊர் வெளியே தெரிந்ததும் வந்து கும்பிடுகிறார்கள். கும்பிடுவது அது மறுபடி மூழ்க வேண்டும் என்று. வாடாத அந்த மாலையை மீண்டும் ஒருமுறை பார்த்தேன்.

ஒரே அளவுகோலின் இரண்டு முனைகளில் எங்கள் இரண்டு ஊரும் நின்றிருக்கின்றன. எழுபது என்ற எண்ணை அப்பா படிக்கும்போது அது நாற்றங்காலைப் பற்றிய கவலை. அதே காலையில் அதே எண் இங்கே ஒரு நந்தியின் தலை. நான் பிறந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அந்த எண்ணைச் சொல்லியிருக்கிறோம், அதன் மறுபாதியைக் கேட்காமலே. மேட்டூர் அணையால் எங்களுக்கு வாழ்வு வந்தது என்று தாத்தா சொல்வார். அது உண்மை. அந்த வாழ்வைக் கொடுத்த உத்தரவும் இந்தத் தெருக்களைக் காலி செய்த உத்தரவும் ஒரே கோப்பில் இருந்தவை. அணை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. கேழ்வரகு மேட்டை நெல்வயலாக்கிய தண்ணீரின் பிள்ளை நான். ஆனால் நன்றி சொல்லும்போது யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இத்தனை காலம் நாங்கள் ஆற்றைப் பார்த்தும் அணையைப் பார்த்தும் சொன்னோம். நாயம்பாடியின் பேரைச் சொல்லி எங்கள் ஊரில் ஒருவரும் ஒரு பூ போட்டதில்லை.

திரும்பும் வழியில், நீர் வற்றிய சரிவில் சிலர் எள் விதைத்திருந்தார்கள். அணை மறுபடி ஏறுவதற்குள் அறுத்துவிட வேண்டும் என்ற கணக்கு. அந்த மே மாதத்தில்தான் அணை கட்டிய பிறகு முதன்முறையாக அங்கே தூர்வாரும் வேலை தொடங்கியது. சுற்றுப்பட்டு விவசாயிகள் வண்டலை வண்டியில் ஏற்றித் தங்கள் நிலத்துக்குக் கொண்டுபோனார்கள். எண்பத்து மூன்று வருஷமாக மூழ்கிய ஊர்களின் மேல் படிந்த மண். ஊரே திரும்பிப் போகாவிட்டாலும், அதன் மேல் கிடந்த மண்ணாவது பக்கத்து மேட்டுக்காடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நந்தி, இரட்டைக் கோபுரம், உரல், பெரியவர் எங்கள் பயிரை விசாரித்தது. அப்பா குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில், "அவர் பேர் என்னடா?" என்றார். கேட்க மறந்துவிட்டேன் என்றேன். "கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வருஷம் குறுவை இல்லை. வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12ஆம் தேதி வந்தது, அணை திறக்கவில்லை. மறுவருஷம் கர்நாடகத்தில் நல்ல மழை. 2018 ஜூலையில் காவிரி இரு கரையும் தொட்டு வந்தது. எண்கள் நாளுக்கு நாள் ஏறின. அறுபது, எழுபது, எண்பது என்று நான் படிக்கப் படிக்க அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜூலை 23 அன்று அணை நிறைந்தது. சில ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக அந்த முழு எண்ணை வாய்விட்டுப் படித்தேன்.

"நூத்தியிருபது அடிப்பா."

அப்பா உடனே ஒன்றும் சொல்லவில்லை. புதாற்றுக்கு அப்போதுதான் கல்லணையில் திறந்திருந்தார்கள். எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர இன்னும் நாளாகும். வாய்க்கால் வெட்ட ஆள் சொல்ல வேண்டும், விதைநெல் பார்க்க வேண்டும். அதையெல்லாம் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"நந்தி எத்தனை அடியிலடா தெரியும்னு சொன்னாரு?"

"எழுபதுப்பா."

வாழ்நாள் முழுக்க அந்த எண்ணைக் கூட்டியே பார்த்தவர், அன்றைக்கு விரல் மடக்கிக் கழித்தார்.

"அம்பது அடித் தண்ணி" என்றார்.